மறுமுனை பிடித்தவன்

மனைவியிடம் பொய் சொல்வது பற்றி எனக்கு ஒரு கொள்கை உண்டு. சின்னப் பொய் சொல்லக் கூடாது. சின்னப் பொய்யைக் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். சொன்னால் முப்பத்திரண்டு அடி நீளத்தில், இரண்டு அறை, நான்கு படுக்கை, ஒரு சமையல் மேடையோடு சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய பொய்யை ஒருவன் சொல்வான் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நான் அப்படி ஒன்று சொன்னேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினோரு வருஷம் சொன்னேன்.

முதலில் என் பக்கத்து நியாயம். என் பெயர் ஆர்வோ. மிச்சிகன் வடகோடியில், வருஷத்தில் ஐந்து மாதம் ஏரி உறைந்து கிடக்கும் ஊர். முப்பத்தொரு வருஷம் இரும்புச் சுரங்கத்தில் தச்சு வேலை பார்த்தேன். பூமிக்கு அடியில் மண் சரியாமல் முட்டுக் கொடுப்பதுதான் வேலை. நான் செய்த எதையும் யாரும் பார்த்து அழகு என்று சொன்னதில்லை. இருட்டில் நிற்கும் முட்டுக்கட்டையை யார் அழகு பார்ப்பார்கள்? ஓய்வு பெற்றபோது எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வெளிச்சத்தில் நிற்கும்படி ஒரு பொருள் செய்ய வேண்டும். அதை ஹெல்மி பார்க்க வேண்டும். பார்த்து, "நல்லா இருக்கு" என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஹெல்மி என் மனைவி. சுலபத்தில் நல்லா இருக்கு என்று சொல்லிவிட மாட்டாள். எங்கள் கல்யாணத்தன்று தேவாலயத்திலிருந்து வெளியே வந்ததும் அவளுடைய முதல் வார்த்தை, "மழை வரல, அதுவரைக்கும் சரி." அவளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. சாதாரண நாளில் என்னை நீ, வா, போ என்பாள். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். 'நீங்க' என்று ஆரம்பித்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

படகு விஷயத்தில் எனக்கு முன்குற்றம் ஒன்று இருந்தது. சுரங்கத்தில் இருந்த காலத்திலேயே ஒரு பழைய மீன்பிடி மரப்படகை வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்தேன். அடுத்த கோடையில் பழுது பார்ப்பதாக இருந்தேன். ஏழு கோடை போயிற்று. எட்டாவது கோடையில், ஹெல்மி கோயில் பெண்களை முற்றத்தில் காபிக்கு அழைத்திருந்த அன்று, படகுக்குள் குடியிருந்த குளவிகளும் காபிக்கு வந்தன. பாதிரியாரின் மனைவிக்கு மூக்கில் ஒன்று, கன்னத்தில் இரண்டு.

அன்று ஹெல்மி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஆர்வோ, கேட்டுக்கோங்க. இந்த வாசலத் தாண்டி இன்னொரு மரப்படகு வந்துச்சுன்னா, நீங்க அதுலயே குடித்தனம் பண்ணிக்கோங்க."

மூன்று 'ங்க'. நான் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் வீட்டு வாசலைத் தாண்டி இன்னொரு மரப்படகு வராது. அந்தச் சத்தியத்தை இன்று வரை நான் மீறவில்லை. மீறினது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற வருஷம், ஏரியின் கிழக்குக் கோடியில் நாணலுக்குள் அந்தப் படகைப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் கட்டியது. ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு ஏறி, தீவு தீவாகப் போய் இரவு தங்கிவிட்டு வந்த அறைப் படகு. நான் பார்த்தபோது முன்னறையைத் துளைத்துக்கொண்டு ஒரு பூர்ச்சமரம் வளர்ந்திருந்தது. அடிப்பலகை பாதி இல்லை. ஆனால் மேலே மகோகனி மரத்தில் செய்த அறையின் ஓரத்தில் கையை வைத்துச் சுரண்டினேன். சாம்பல் நிறம் போய், உள்ளே சிவப்பு தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுரங்கத்தில் கூட நான் அழுததில்லை.

சொந்தக்காரர்கள் படகைச் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். எங்கே கொண்டுபோவது?

அங்கேதான் எமில் வருகிறான். எமில் என் சிநேகிதன், கல்யாணம் ஆகாத தபால்காரன், அவனும் ஓய்வு பெற்றவன். ஏரிக்கரையில் பெரிய கொட்டகை வைத்திருந்தான், உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை. தங்கமான மனுஷன். ஆனால் கருவி பிடிக்கத் தெரியாது. ஒரு முறை கொட்டகைக் கதவுக்கு ஆணி அடிக்கப் போய், தன் கையுறையையும் சேர்த்து அடித்துவிட்டான். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டான், கையுறை இன்றைக்கும் கதவில்தான் இருக்கிறது. ஊரில் யாருக்காவது வழி சொல்ல வேண்டுமென்றால், "கையுறை அடிச்ச கதவு தாண்டி" என்பார்கள்.

படகு எமிலின் கொட்டகைக்குப் போயிற்று. காகிதமும் எமில் பெயரில் எழுதப்பட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் நான் சாதாரணமாக, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னேன்.

"எமில் ஒரு பழைய படகு வாங்கியிருக்கான்."

"எமிலா?"

"ஆமா. பழுது பாக்கப் போறானாம்."

"எமிலா?"

"பலகையோட ஒரு முனைய அவன் புடிச்சா, மறுமுனையப் புடிக்க ஆள் வேணும்ல. நான் செவ்வா, வியாழன், சனி போய்க் கொஞ்சம் புடிச்சிக் குடுத்துட்டு வர்றேன்."

ஹெல்மி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வெண்ணெய்க் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"போய்ட்டு வா. புடிக்கிறத நல்லா புடி," என்றாள்.

பொய் பலித்துவிட்டது. நான் அன்றிரவு குறட்டை கூட விடாமல் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

அப்படித்தான் பதினோரு வருஷம் நான் மறுமுனை ஆனேன். எமில் அடுப்புக்கு விறகு போடுவான், ரேடியோவைத் திருகுவான், நான் கேட்டால் சுத்தியலை எடுத்துக் கொடுப்பான். கேட்டது சுத்தியல் இல்லை என்றாலும் சுத்தியலைத்தான் கொடுப்பான். விலாக்கட்டைகளை ஆவியில் வேகவைத்து வளைத்தவன் நான். தேவதாருப் பலகை நூற்றுப் பதினெட்டை இழைத்துப் பொருத்தியவன் நான். வெண்கலத் திருகாணி நாலாயிரத்துச் சொச்சம் முறுக்கியவன் நான். வீட்டுக்கு வந்தால் ஹெல்மி கேட்பாள்.

"எமில் வேலை எப்படிப் போவுது?"

"பரவால்ல. விலாவெல்லாம் வளைச்சுட்டான்."

"கெட்டிக்காரன். பாரு, தபால்காரனா இருந்தவன். நீயும் தச்சன்தான். நம்ம பின்வாசல் படி ஆறு வருஷமா ஆடுது."

என் வாயால் எமிலைப் புகழ்ந்து, என் காதால் என் படிக்குத் திட்டு வாங்கினேன். பொய்க்கு இப்படி ஒரு வாடகை உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் எமிலின் மதியச் சாப்பாடு. எங்கள் ஊரில் கறியும் கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுடும் பேஸ்டி இல்லாமல் யாருக்கும் நாள் நகராது. எமிலிடம் எப்போதும் இரண்டு இருக்கும், துணியில் சுற்றி, சூடாக.

"யாருடா குடுக்கிறா?"

"கோயில்ல ஒரு அம்மா. பாவம் தனி ஆளுன்னு குடுக்கிறாங்க."

"எமில், ஒண்ணு சொல்றேன், ஹெல்மி காதுக்குப் போகக் கூடாது. இதுதான்டா பேஸ்டி. அவ பண்றதுல உப்பு ஜாஸ்தி."

"சொல்ல மாட்டேன்," என்று எமில் கூரையைப் பார்த்துச் சொன்னான். எமில் பொய் சொல்லும்போது கூரையைப் பார்ப்பான். எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் வாயில் பேஸ்டி இருக்கும்போது மனிதனுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

சனிக்கிழமை மாலை ஊர் வழக்கப்படி சவுனா. முற்றத்துக் கோடியில் மர அறை, உள்ளே அடுப்பு, அடுப்பின் மேல் கல். கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து வாரத்து அழுக்கெல்லாம் வியர்க்க வேண்டும். கொட்டகையில் பிடுங்கிப்போட்ட பழைய பலகைகளையும் மிஞ்சிய துண்டுகளையும் அந்த அடுப்புக்குத்தான் கொண்டுவருவேன். சிக்கனம். ஹெல்மி என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள்.

"ஆர்வோ."

"ம்."

"உன் வியர்வையில வார்னிஷ் வாசனை வருது."

"மறுமுனையிலயும் வார்னிஷ் இருக்கும்ல."

"அதுவும் சரிதான்," என்று கல்லில் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றுவாள்.

பதினோராவது வருஷம், வேலை முடியும் கட்டத்துக்கு வந்தது. ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை ஏரியில் மரப்படகுத் திருவிழா. நூறு மைல் சுற்றளவிலிருந்து பழைய மரப்படகுகள் வந்து துறையில் வரிசையாக நிற்கும். அதற்குள் முடிக்க வேண்டும். மே மாதக் கடைசியில் மேலறைக்கு ஒன்பதாவது கோட்டு வார்னிஷ் போட்டேன். ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. பதினொன்றாவது போட்டு முடிப்பதாகத் திட்டம். வருஷத்துக்கு ஒன்று என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

பத்தாவதுக்கு வார்னிஷ் டப்பாவைத் தூக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. குடல் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன், நான்கு வாரம் படுக்கை. ஜூன் மாதம் முழுக்க, வார்னிஷ் நன்றாகக் காயும் வெயிலை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஹெல்மி மத்தியானம் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"எங்க போற?"

"கோயில்ல போர்வை தைக்கிறோம்."

"தினமுமா?"

"விட்டு விட்டுத்தான். ஒரு அடுக்கு முடிஞ்சா காத்திருக்கணும்."

"என்ன கலரு?"

"தேன் கலரு."

எனக்குப் போர்வையைப் பற்றி என்ன தெரியும்? தேன் நிறப் போர்வை நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்கு ஓடினேன். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். மகோகனியின் மேல் வெளிச்சம் உட்காரவில்லை, உள்ளே இறங்கியிருந்தது. என் முகம் அதில் தெரிந்தது, என் முகத்துக்குப் பின்னால் கூரை தெரிந்தது, கூரைக்குப் பின்னால் மரத்தின் வரிகள் ஓடின. நான் விட்டுப்போன படகு இவ்வளவு ஆழமாக இல்லை.

"எமில், என்னடா இது?"

எமில் கூரையைப் பார்த்தான். "வார்னிஷ் காயக் காய மெருகு ஏறும், ஆர்வோ."

"அப்படியா?"

"அப்படித்தான் கேள்வி."

டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன், காலி. எமில் கொட்டியிருப்பான் என்று விட்டுவிட்டேன். தன் திறமையால் நடந்தது என்று நினைத்துக்கொண்டால் மனிதன் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

ஜூலையில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். பதினோரு வருஷம் காய்ந்த மரம். எல்லா இடுக்கிலும் தண்ணீர் புகுந்தது. எமில், "மூழ்குது, மூழ்குது" என்று கரையில் ஓடினான். நான் பம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அது அப்படித்தான். மூன்று நாள் மரம் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்து உப்பினால் இடுக்குகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அந்த மூன்று நாள் நான் நிறைய யோசித்தேன். மரம் ஊற ஊற ஓட்டை அடைகிறது. பொய் ஊற ஊற ஓட்டை பெரிதாகிறது. திருவிழா முடிந்ததும் ஹெல்மியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

திருவிழா அன்று நல்ல வெயில், சின்னக் காற்று. இருபத்தேழு படகுகள். நம் படகு மூன்றாவது துறையில் நின்றது. வெள்ளை உடல், தேன் நிற அறைகள், பின்புறம் தங்க எழுத்தில் அதன் பழைய பெயர். பழைய பெயரை மாற்றினால் படகுக்கு ஆகாது என்பார்கள், அதனால் சாயத்துக்கு அடியில் கிடைத்ததையே திரும்ப எழுதியிருந்தேன். 'பொறுமை' என்று அர்த்தம்.

ஹெல்மி கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமை உடையில் வந்திருந்தாள். நான் பக்கத்தில், என் சொந்தப் படகை யாரோ ஒருவன் போல வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். படகின் முன் ஒரு அட்டை நட்டிருந்தது. புதுப்பித்தவர்: எமில் ஹாக்லண்ட். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: மறுமுனை பிடித்தவர்: ஆர்வோ காலியோ.

"ரெண்டாவது வரிய யாரு எழுதச் சொன்னா?" என்று எமிலின் காதில் பல்லைக் கடித்தேன்.

"உண்மைதானே," என்று எமில் ஆகாயத்தைப் பார்த்தான். அங்கே கூரை இல்லை.

நடுவர் வந்தார். வயதான மனிதர். குனிந்தார், முட்டி போட்டார், பலகை இணைப்பில் நகத்தை ஓட்டினார். மேலறையின் பக்கவாட்டில் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எத்தனை கோட்டு?" என்று எமிலைக் கேட்டார்.

எமில் விழித்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஏனோ ஹெல்மியைப் பார்த்தான்.

"சொல்ல வேணாம். எனக்குத் தெரியுது," என்றார் நடுவர். "பதினாலு. ஒண்ணு கூட இருக்கலாம், குறைய இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய மனிதர், மரியாதைக்கு ஐந்தைக் கூட்டிச் சொல்கிறார். நான் ஒன்பதில் பதினாலைக் காட்டியிருக்கிறேன் என்றால், அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நடுவர் போனபின் ஹெல்மி கையுறையைக் கழற்றினாள். வெறும் கையால் அறைப் பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தாள். அவசரமே இல்லை.

"இந்த வார்னிஷ் போட்ட கை தங்கக் கை," என்றாள்.

நாற்பத்து நான்கு வருஷக் கல்யாணத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. ஏரிக் காற்றின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்லிவிடலாமா? சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எமிலிடம் திரும்பிவிட்டாள்.

"எமில், இத எனக்குக் குடுக்கிறியா?"

"எத?"

"படக."

எமில் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எடுத்துக்கோ, ஹெல்மி."

நான் குறுக்கே புகுந்தேன். "எமில். யோசிச்சுச் சொல்லு. பதினோரு வருஷ உழைப்பு."

"ஆர்வோ, உனக்கென்ன வந்துச்சு?" என்றாள் ஹெல்மி. "உழைச்சவன் அவன். குடுக்கிறவன் அவன். நீ மறுமுனைதானே புடிச்ச?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? இல்லை என்றால் பதினோரு வருஷப் பொய் ஐம்பது பேர் முன்னால் உடையும். ஆமாம் என்றால் என் படகு என் கண் முன்னாலேயே போகும்.

"ஆமா," என்றேன்.

"சும்மா வேணாம் எமில். உயிரோட இருக்கிற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை உனக்கு எங்க வீட்டுல சவுனா, அப்புறம் ரெண்டு பேஸ்டி. சம்மதமா?"

"மூணு," என்றான் எமில்.

காகிதத்தை அங்கேயே, காபி விற்கும் மேஜையில் வைத்து எழுதினார்கள். உரிமையாளர், ஹெல்மி காலியோ. சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. நான்தான் போட்டேன்.

ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது, ஒரு விஷயம் மெல்ல எனக்கு உறைத்தது. படகு எங்கே வருகிறது? எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு எதிரே ஏரியில் இருக்கும் படகுத் துறைக்கு. யார் கொண்டுவருவது? ஹெல்மி. வாசலைத் தாண்டி மரப்படகு வரக்கூடாது என்று சத்தியம் வாங்கினவள், தானே கேட்டு வாங்கித் தானே கொண்டுவருகிறாள். என் சத்தியம் முழுசாக இருக்கிறது, படகும் வீட்டுக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷத் திட்டம் நான் நினைத்ததை விட நன்றாகவே முடிந்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க நான் விசில் அடித்துக்கொண்டு திரிந்தேன். சந்தோஷத்தில் பின்வாசல் படியைக் கூடச் சரி செய்துவிட்டேன்.

மிச்சம் ஒன்றுதான். உண்மையைச் சொல்ல வேண்டும். தங்கக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் பாராட்டினாள், ஆனால் முகவரி தப்பான பாராட்டு, தபால்காரனிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. அதை என் கையில் வாங்காமல் நான் சாகப் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

இடத்தையும் யோசித்தே தேர்ந்தெடுத்தேன். நடு ஏரி. நடு ஏரியில் அவள் கோபித்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஹெல்மிதான் சக்கரத்தைப் பிடித்தாள். உரிமையாளர் இல்லையா. என்ஜின் மெல்ல முனகியது. தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது. கரையில் நின்றவர்கள் கையைக் காட்டினார்கள், ஒரு மீன்பிடிக்காரன் தூண்டிலை மறந்து எங்களையே பார்த்தான். ஹெல்மி நேராக உட்கார்ந்து, ராணி போல் தலையை அசைத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்து வெகுநாளாயிற்று. இதற்காகத்தானே இவ்வளவும் என்று தோன்றியது. இப்படியே விட்டுவிடலாம் என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். விட்டிருக்கலாம்.

நடு ஏரியில் என்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

"ஹெல்மி, ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"இந்தப் படக எமில் செய்யல."

"அப்படியா."

"நான்தான் செஞ்சேன். விலா, பலகை, ஆணி, எல்லாம் நான். எமில் விறகு போட்டான், அவ்வளவுதான்."

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருக்கைக்கு அடியில் குனிந்து ஒரு பழைய காபி டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது. திறந்தேன். உள்ளே வெண்கலத் திருகாணிகள். கறுத்தது, வளைந்தது, நூற்றுக்கணக்கில்.

"பதினோரு வருஷமா சவுனா அடுப்புச் சாம்பல்ல இருந்து பொறுக்கினது," என்றாள். "எமில் படகோட ஆணி வாராவாரம் நம்ம வீட்டு அடுப்புல என்ன பண்ணுது? அப்புறம், எமிலா? கையுறைய கதவோட சேத்து அடிச்சவனா? முதல் நாளே தெரியும் ஆர்வோ. வெண்ணெய் தடவும்போதே தெரியும். நீ ரொட்டிய விட்டுட்டுத் தட்டுக்குத் தடவிக்கிட்டிருந்த."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். இந்தப் படகு பேரு என்ன?"

நான் காபி டப்பாவை மூடினேன்.

"அப்புறம் அந்தப் பேஸ்டி," என்றாள். "கோயில் அம்மா பண்றதுல உப்பு சரியா இருக்கும், நான் பண்றதுல ஜாஸ்தின்னு சொன்னியாமே. ஒரே அடுப்பு, ஒரே மாவு. காலையில நாலு சுடுவேன். ரெண்டு உனக்கு வீட்டுக்கு, ரெண்டு எமிலுக்கு."

எனக்குத் தண்ணீரில் குதித்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. எல்லாம் போகட்டும், அந்த ஒரு வார்த்தை என்னுடையது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு விடுகிறேன். வலது கையை அவள் முன்னால் நீட்டினேன்.

"எல்லாம் சரி. நீ அன்னிக்கு ஒண்ணு சொன்ன. வார்னிஷ் போட்ட கை தங்கக் கைன்னு. அது இந்தக் கை, ஹெல்மி."

அவள் என் கையைப் பார்த்தாள். தழும்பும் காய்ப்புமாக இருந்த கை. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நல்லா இருக்கு என்று சொல்லப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"எத்தன கோட்டு போட்ட?"

"ஒம்பது."

"நடுவரு எத்தன சொன்னாரு?"

"பதினாலு. அவரு ஏதோ மரியாதைக்கு..." என்று ஆரம்பித்தேன். காலி டப்பா ஞாபகம் வந்தது. எமில் ஹெல்மியைப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரு அடுக்கு முடிந்தால் காத்திருக்க வேண்டும் என்ற போர்வை ஞாபகம் வந்தது.

"நீ ஆபரேஷன் முடிஞ்சு காய்ச்சல்ல கெடந்து, 'ரெண்டு கோட்டு பாக்கி, ரெண்டு கோட்டு பாக்கி'ன்னு பொலம்பின," என்றாள். "பாக்க சகிக்கல. சரி, ரெண்டு போட்டுட்டு வந்துரலாம்னு போனேன். ஆரம்பிச்சப்புறம் நிறுத்த மனசு வரல. அஞ்சாயிருச்சு."

"ஹெல்மி."

"கீழ இருக்கிற ஒம்பது உன்னுது. மேல இருக்கிற அஞ்சு என்னுது. நான் அன்னிக்குத் தடவிப் பாத்து எந்தக் கையச் சொன்னேன்னு நினைச்ச?"

என் கையை என் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு என்ஜினைப் போட்டாள். படகு ஒரு கோடு கூடப் பிசகாமல் திரும்பியது. எங்கள் துறை நெருங்கி வந்தது, சரி செய்த பின்வாசல் படி தூரத்தில் தெரிந்தது. அவள் கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டிவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினாள்.

"குதி. உனக்குப் பழகின முனைதான்."

குதித்தேன்.